பதிவு அவர்களிடம், நிரூபிக்கிற பாரம் எங்களிடமா?



குடியுரிமைப் படிவம் நிரப்புகிற எங்கட சனத்துக்குக் கூடமாட உதவி செய்யிறன். கடந்த ஐந்து வருசத்தில் எப்ப பிரித்தானியாவை விட்டுப் போனீங்கள், எப்ப திரும்பினீங்கள் என்று ஒவ்வொரு பயணத்தையும் அதில் எழுத வேண்டும். மொத்தம் 450 நாளைத் தாண்டினால் சிக்கல். இத்தனைக்கும் 2015 ஏப்ரலில் இருந்து வெளியேறுவோரின் விவரங்களும் உள்துறை அமைச்சிடம் சேருகின்றன. விடை அவர்கள் கையில், பரீட்சை எங்களுக்கு.

எங்களுக்கு உதவக்கூடிய பதிவு என்றால் கதை வேறு. 1973க்கு முன் வந்து குடியேறிய பொதுநலவாய நாட்டவர் தொடர்ந்து வாழும் உரிமையை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு ஒரு கடதாசியும் கொடுக்கவில்லை, உரிமை உள்ளவர்களின் பட்டியலும் வைக்கவில்லை. கரீபியனில் இருந்து கப்பலேறி வந்தவர்களின் இறங்கு அட்டைகளை 2010இல் அழித்தார்கள். பிறகு 2014, 2016 சட்டங்கள் வந்தன. வீட்டுக்காரர், முதலாளி, வங்கி எல்லாரும் கடதாசி கேட்கத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு உழைத்தவர்கள் வேலை, வீடு, வைத்தியம் இழந்தார்கள். 80க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். 'வின்ட்ரஷ்' என்று 2018இல் வெடித்தது இதுதான்.

அது கறுப்பின மக்களின் பிரச்சினை என்று நாங்கள் ஒதுங்க முடியாது. 2024 முடிவோடு வதிவிட அட்டைகளும் காலாவதியாகிவிட்டன. இப்ப எங்கள் உரிமைக்குச் சான்று இணையத்தில் உள்ள ஒரு கணக்கு மட்டுமே. திரை பிழையாகக் காட்டினால் கையில் காட்ட எதுவும் இல்லை. வயதான அம்மா அப்பாமார் என்ன செய்வார்கள்?

தங்களைப் பற்றிய பதிவைப் பார்க்கும் உரிமையைக்கூட, குடிவரவுக் காரணம் சொல்லி மறுக்க 2018 தரவுச் சட்டம் இடம் வைத்தது. அந்த விலக்கு சட்டவிரோதம் என்று 2021இலும், திருத்திய பிறகு 2023இலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சும்மா கிடைத்த தீர்ப்பில்லை, அமைப்பாகத் திரண்டு வழக்காடியதால் வந்தது.

ஆகவே தோழர்களே, உங்கள் கோப்பின் பிரதியை உள்துறை அமைச்சிடம் எழுதிக் கேளுங்கள். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பழைய கடவுச்சீட்டுகளை எறியாதேங்கோ.

இது தற்காப்பு மட்டும்தான். எங்கள் கோரிக்கை இரண்டு: கேட்பவர்களுக்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று வேண்டும். அரசு தொலைத்த பதிவுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும், தொழிலாளி அல்ல.