பழுது பார்க்க முடியாத பொருள்கள்



"அந்தக் காலத்துச் சாமான் போல இப்போது வருமா?" என்னும் பேச்சைக் கேட்காத வீடு நம்மிடையே இராது. மின்விசிறி முனகத் தொடங்கினாலும், குளிர்பதனப் பெட்டி குளிர மறுத்தாலும், பெரியவர்கள் இதைச் சொல்வதும் இளையோர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது. இந்தப் பேச்சில் பாதி ஏக்கம், பாதி உண்மை. அந்த உண்மைப் பாதியைக் குறித்துச் சற்று எழுத விழைகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் பழுதாவதைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. ஓடுகின்ற எதுவும் ஒருநாள் தேயத்தானே செய்யும்! பழுதானதைச் சீர்செய்ய வழியே இல்லாமல் பொருளைச் செய்து விற்கிறார்களே, அதுதான் என் குறை. அதன் சுமை யார் தலையில் விழுகிறது தெரியுமா? தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமானிலும் அடுக்குமாடியிலும் தவணைக்குப் பொருள் வாங்கி வாழும் நம் மக்கள் தலையில்தான்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். எங்கள் லயத்திற்கு மின்சாரம் தோட்டத்து 'இஞ்சின்' வழியே வந்தது. மாலை ஏழு மணிக்கு எரியும். இரவு பத்து மணிக்கு அணையும். பேரா மாநிலத்தில் மின்சாரம் இல்லாமல் இல்லை. பேரா ஆற்றின் குறுக்கே செண்டரோ நீர்மின் நிலையம் 1930-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் பெரும்பாலும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்குப் போயிற்று; லயத்து வீடுகள் காத்திருந்தன. அந்தச் செண்டரோ நிலையம் இன்றும் மின்சாரம் தருகிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அது உழைப்பதற்கு வெள்ளைக்காரன் செய்த மந்திரம் எதுவும் காரணமில்லை. தேய்ந்த பாகத்தைக் கழற்றலாம், புதியதைப் பொருத்தலாம் என்ற அமைப்பு இருப்பதால் அவ்வப்போது புதுப்பித்து ஓட்டி வருகிறார்கள்.

லயத்து வீட்டில் இருந்ததும் அதே அமைப்புத்தான். குழல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் தனி, 'ஸ்டார்ட்டர்' தனி, 'சோக்' தனி. விளக்கு மினுக்மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் போட வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இன்று வாங்கும் எல்.இ.டி. விளக்குச் சட்டத்தில் எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே வரிசையாக இருக்கும் சிறு விளக்குகளில் ஒன்று கருகினால் அந்த வரிசை முழுவதும் அணையும். அல்லது மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு பாகம் வெந்துபோகும். எதுவாயினும் சட்டத்தோடு தூக்கி எறிய வேண்டியதுதான். 15,000 மணி நேரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் சேர்த்தா என்று நாம் கேட்பதில்லை.

சீர்வரிசையில் வந்த சிங்கர் தையல் இயந்திரம் பல லயங்களில் இருந்தது. கறுப்பு உடலில் பொன்னிறக் கோலமிட்ட அந்த மிதி இயந்திரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பலவற்றுக்கு ஊசி, பாபின், வார் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. பாட்டி தைத்ததில் பேத்தி தைக்கிறாள். அதுவும் தவணையில் விற்கப்பட்ட பொருள்தான் என்பதைக் கவனியுங்கள். தவணை முடிந்தபின் தலைமுறைக் கணக்கில் அது உழைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சோறாக்கும் மின்பானை. முதல் தானியங்கிப் பானையைத் தோஷிபா நிறுவனம் சப்பானில் 1955-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த எளிய பானைகளின் அடியில், நடுவில் ஒரு காந்தம் இருக்கும். பானையில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் வெப்பம் சட்டென ஏறும். குறிப்பிட்ட வெப்பத்தில் அந்தக் காந்தம் தன் பிடியை இழக்கும். 'டக்' என்று விசை கீழே விழும். அவ்வளவுதான்! கணினி இல்லை, பலகை இல்லை. ஒரு பருப்பொருளின் இயல்பையே காவற்காரனாக நிறுத்திவிட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இதில் கெடக்கூடியவை மின்கம்பி, தொடுமுனை, அளவு மீறிச் சூடானால் உருகித் துண்டிக்கும் சிறு 'ஃபியூஸ்' ஆகியவைதாம். எல்லாமே சில வெள்ளியில் முடிகிற வேலை. ஒளிரும் எண்களும் பதினாறு பொத்தான்களும் கொண்ட இன்றைய பானை, கஞ்சியும் அணிச்சலும்கூடச் செய்யும் என்கிறார்கள். செய்யட்டும். அதன் பலகை போனால் சோறும் ஆகாது.

இந்தப் பலகைதான் கதையின் மையம். கடைக்காரர்கள் 'போர்டு' என்பார்கள். துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனம், மின்விசிறி என எல்லாவற்றிலும் இன்று அது குடியேறிவிட்டது. அதில் உள்ள மின்தேக்கிகளுக்கு வெப்பம் பகை. வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. நம் ஊர் வெயிலும் தகரக் கூரை அடுக்களையும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ஈப்போவின் மாலை நேர இடியும் மின்னலும்; கதகதப்பு தேடிப் பலகைக்குள் புகும் எறும்பும் பல்லியும். குளிர்நாட்டு வீட்டைக் கற்பனை செய்து வடித்த பொருளோ என்று எனக்குச் சில வேளைகளில் ஐயம் எழுவதுண்டு.

என் மாணவி ஒருத்தி சில நாள்கள் ஈரச் சீருடையோடு பள்ளிக்கு வந்தாள். விசாரித்தேன். தாயார் தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார், துப்புரவு வேலை. இருபத்து நான்கு மாதத் தவணையில் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் பதினான்காம் மாதத்தில் நின்றுவிட்டது. இயந்திரத்தின் முகப்பில் 'மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிய ஒட்டி இருந்ததாம். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. போனது போர்டு, அதற்கு உத்தரவாதம் ஓராண்டு. எனக்குத் தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "வாத்தியார் ஐயா, போர்டு மேல பசைய ஊத்தி மூடிட்டான். சுரண்டவும் முடியாது, மாத்தறதுதான். நானூத்தி இருபது ஆகும். புதுசே எண்ணூறுக்கு வருது" என்றார். நீர் புகாமல் இருக்கப் பசை ஊற்றுகிறார்கள். அதில் ஞாயம் உண்டு. ஆனால் சில வெள்ளி பெறும் பாகத்துக்காக முழுப் பலகையை வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாயார் ஓடாத இயந்திரத்துக்கு இன்னும் பத்து மாதம் பணம் கட்டினார்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பொருள்கள் எல்லாம் நீடித்தன என்பது மெய்யன்று. கெட்டவை அப்போதே குப்பைக்குப் போயின. பிழைத்தவை மட்டும் நம் கண்முன் நின்று அக்காலத்துக்குச் சான்று கூறுகின்றன. பழைய குளிர்பதனப் பெட்டி மின்சாரத்தைக் குடித்தது. அது அன்றைய தோட்டப் பாட்டாளிக்கு எட்டாக்கனியும்கூட. இன்று துப்புரவு வேலை செய்யும் தாயார் துணி துவைக்கும் இயந்திரம் வாங்க முடிவது முன்னேற்றமே. அவர் மீண்டும் கல்லில் துணி அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாம் நிறுவனங்களின் சதி என்று சொல்பவர்களும் உண்டு. சதி நடந்ததற்கும் வரலாறு உண்டு. 1924-இல் செனிவாவில் உலகின் பெரிய விளக்கு நிறுவனங்கள் 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கி, மின்குமிழின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று வரையறுத்தன. அதைத் தாண்டி எரியும் குமிழ் செய்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தன. ஆனால் இன்றைய நிலைக்குச் சதி தேவையில்லை. விலையைக் குறைக்கத் திருகாணிக்குப் பதில் பசை, உலோகத்துக்குப் பதில் நெகிழி. வாங்கும் நாமும் கடையில் விலையைத்தானே முதலில் கேட்கிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அத்தரத்தில் அடங்கும். 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! 'நியாயமான காலம்' எத்தனை ஆண்டு என்று சட்டம் சொல்லவில்லை. 'பாகம் கிடைக்கும் என்று உறுதியில்லை' என வாங்குமுன்பே அறிவித்துவிட்டால் அந்தக் கடப்பாடும் நீங்கிவிடும். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு பானை செய்தால் யார் வாங்குவார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் துணி துவைக்கும் இயந்திரத்தின் முக்கியப் பாகங்கள் 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதித்தது. பிரான்சு அதே ஆண்டில், பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு விலைச்சீட்டின் அருகில் காட்டச் செய்தது. இந்திய அரசும் 2022-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. நம் நாட்டில் மின்சிக்கனத்துக்கு நட்சத்திர ஒட்டி உண்டு. ஐந்து நட்சத்திரம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும். மின்சிக்கனமான புதிய குளிர்பதனப் பெட்டி வாங்கினால் அரசாங்கம் 200 வெள்ளி கழிவு கொடுத்த திட்டம் 2011-இலும், பின்னர் 2021-இலும் வந்தது. புதியது வாங்கக் கழிவு கொடுத்தார்கள். பழையதைச் சீர்செய்ய? ஆஸ்திரியா 2022-இல் மின்பொருள் பழுதுபார்ப்புச் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. நான் அவ்வளவு கேட்கவில்லை. அந்த நட்சத்திர ஒட்டியின் கீழே, 'உதிரிப்பாகம் இத்தனை ஆண்டுகள் கிடைக்கும்' என்று ஒரே ஒரு வரி அச்சிடச் சொன்னால் போதும். இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்து ஒப்பிட எங்கள் பெற்றோருக்குத் தெரியும்.

பாகம் கிடைத்தாலும் மாட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்கிறீர்களா? அதுவும் கவலைக்குரியதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது, புந்தோங் போன்ற இடங்களில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் சிறு கடைகளில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்ற இளைஞர்கள் பலர். சான்றிதழ் இல்லாமலேயே குடும்பத்தைக் காப்பாற்றிய தொழில் அது. அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. இடைநிலைப்பள்ளியில் 'கெமாஹிரான் ஹிடுப்' பாடத்தில் பற்றவைப்புக் கோலைப் பிடித்துப் பழகிய தலைமுறை நாங்கள். 2017 முதல் அதனிடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. புதிய பாடத்தில் வரைகிறார்கள், திட்டமிடுகிறார்கள், நல்லதே. ஆனாலும் மூன்று முனைச் செருகியைத் திறந்து, பழுப்புக் கம்பி எங்கே, நீலக் கம்பி எங்கே என்று பொருத்தத் தெரிந்த பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். செருகிகளும் இப்போது திறக்க முடியாதபடியே வருகின்றன என்பது வேறு.

இறுதியாக ஒரு தகவல். பொருள் அற்ப ஆயுளில் கெட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். கடை கொடுத்த உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் 32-ஆம் பிரிவு தரும் உரிமை போய்விடாது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வெப்பத்தில் எழுத்து மறைந்துபோகும் தாள் என்றால் படி எடுத்து வையுங்கள்.

அந்தத் தாயாரிடமும் இதைச் சொன்னேன். பாரத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். "விசாரணைக்குப் போனா ஒருநாள் சம்பளம் போயிடும் சார்" என்றார். பழைய சாமான் கடையில், திருகு குமிழ் வைத்த இரட்டைத் தொட்டி இயந்திரம் ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டார். வார் தேய்ந்திருந்தது. புதிய வார் 12 வெள்ளி, அவரே மாட்டிவிட்டார்.