விலை போகும் வீரனும் விலாசமற்ற கழகமும்

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களின் வீரர் பரிமாற்றக் காலம் ஆரம்பமாகிவிட்டால் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களிலும் அதன் சூடு பரவிவிடுகின்றது. ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்திலும், கிண்ணியா, மூதூர் தேநீர்க்கடைகளிலும் மாலை வேளையில் கூடும் இளைஞர்கள், பதினெட்டு வயது கூட நிரம்பாத ஒரு வீரனுக்கு இத்தனை கோடி யூரோ தகுமா, அவனது கழகம் இன்னும் சற்றுக் காத்திருந்தால் கூடுதல் தொகை கிடைத்திருக்காதா என்று காரசாரமாக விவாதிப்பதைக் காண்கின்றோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில், இனபேதமின்றி ஒரே மேசையில் அமர்ந்து வாதாடக்கூடிய விடயங்கள் அதிகமில்லை. அவற்றுள் உதைபந்தாட்டமும் ஒன்று என்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால், அந்த விவாதத்தில் ஒரு கேள்வி மாத்திரம் எழுவதில்லை. நமது மைதானத்தில் வெறுங்காலுடன் ஓடும் சிறுவன் நாளை ஒரு பெரிய கழகத்துக்குச் செல்வானாயின், அவனை வளர்த்தெடுத்த ஊர்க் கழகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அக்கேள்வியாகும்.

2017ஆம் ஆண்டில் நெய்மரைப் பெறுவதற்காகப் பாரிஸ் சென் ஜெர்மெய்ன் கழகம் பார்சிலோனாவுக்கு 22 கோடியே 20 இலட்சம் யூரோவைச் செலுத்தியது. உலகம் அந்தத் தொகையைக் கண்டு வியந்ததே தவிர, அதற்குப் பின்னால் உள்ள விதிகளைக் கவனிக்கவில்லை. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிகளின்படி, ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னர் ஒரு வீரர் சர்வதேச ரீதியில் கழகம் மாறும்போது செலுத்தப்படும் தொகையில் 5 வீதம், அவரது 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். இதனை ஒருமைப்பாட்டுக் கொடுப்பனவு என்பர். இது தவிர, ஒரு வீரர் முதன்முறையாகத் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது, அவரை வளர்த்த கழகங்கள் பயிற்சி நட்டஈடு கோருவதற்கும் இடமுண்டு. வாங்கும் கழகத்தின் தரத்தைப் பொறுத்து அதன் அளவு வேறுபடும்.

இதனை நமது ஊர்க் கணக்கில் பார்ப்போம். கிண்ணியாவில் ஒரு சிறுவன் 12 வயதிலிருந்து 17 வயது வரை ஒரே கழகத்தில் விளையாடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். பின்னொரு நாளில் அவன் 10 இலட்சம் யூரோவுக்குக் கழகம் மாறினால் 50 ஆயிரம் யூரோ பகிர்வுக்கு உரியதாகின்றது. 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 யூரோ, அதன் பின்னரான ஒவ்வோர் ஆண்டுக்கும் 5,000 யூரோ என்ற வகையில், கிண்ணியாக் கழகத்தின் பங்கு 20 ஆயிரம் யூரோவாகும். நமது நாணயத்தில் அது பல இலட்சம் ரூபாய். பந்தும் வலையும் வாங்குவதற்கே ஊர் வர்த்தகர்களிடம் கையேந்தி நிற்கும் ஒரு கழகத்துக்கு இது எத்தகைய தொகை என்பதை விளக்கத் தேவையில்லை.

எனினும், இப்பணம் தானாக வந்து சேராது. அச்சிறுவன் எந்த வயதில் எந்தக் கழகத்தில் இருந்தான் என்பதற்குப் பதிவு வேண்டும். கோரிக்கை விடுக்கத் தெரியாமலும் ஆவணமில்லாமலும் சிறு கழகங்கள் தமது பங்கை இழந்து வந்தமையினாலேயே, பாரிஸ் நகரைத் தளமாகக் கொண்ட கொடுப்பனவுத் தீர்வகத்தை 2022 நவம்பரில் பீபா இயங்கச் செய்தது. வீரரின் இலத்திரனியல் கடவுச்சீட்டு என்ற ஆவணத்தின் அடிப்படையில் அத்தீர்வகம் பங்குகளைக் கணித்து வழங்குகின்றது. அந்த ஆவணமோ தேசிய சம்மேளனத்தின் இலத்திரனியல் பதிவிலிருந்தே உருவாகின்றது. பன்னிரண்டு வயதில் பதியப்படாத சிறுவனுக்கு உதைபந்தாட்ட உலகில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவனை வளர்த்த கழகத்துக்கோ விலாசமே இல்லை.

உள்நாட்டு நிலைமையும் இதற்குக் குறைந்ததல்ல. 2021இல் ஆரம்பிக்கப்பட்ட சுப்பர் லீக் போட்டியில் பங்குபற்றிய 10 கழகங்களில் வடக்கு, கிழக்கைச் சேர்ந்த கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை. முப்படைகளின் அணிகள் மூன்று இருந்தன. திறமையுள்ள இளைஞன் மேலே செல்வதாயின் கொழும்புக் கழகத்தையோ படை அணியையோ நாடவேண்டிய நிலை. அவன் செல்வதை நாம் குறை கூறவில்லை. அவனுக்குச் சம்பளமும் எதிர்காலமும் வேண்டும். ஆனால், தமது உறுப்புச் சங்கங்களுக்குள்ளும் இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் கழகங்களுக்கு வெகுமதி வழங்கும் ஒரு முறைமை இருக்க வேண்டுமென பீபாவின் விதிகள் தேசிய சம்மேளனங்களிடம் எதிர்பார்க்கின்றன. அத்தகைய முறைமை சிறிய அளவிலேனும் இங்கு வேரூன்றினால், ஊர்க் கழகங்கள் வெறும் நாற்றுமேடைகளாக மட்டும் இருந்துவிட மாட்டா.

இவ்விடத்தில் ஒரு நியாயமான அச்சத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். நட்டஈடு என்ற பெயரில் கழகங்கள் இளைஞனின் காலைக் கட்டிப்போட்டுவிடுமோ என்று பெற்றோர் கேட்கலாம். விடுவிப்புக் கடிதம் தராமல் வீரரை முடக்கிவைக்கும் மனப்பான்மை எங்கும் இல்லாததல்ல. ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்ததன் காரணமும் இதுவே. ஆகவே, கழகத்தின் பங்கு வேறு, வீரரின் சுதந்திரம் வேறு. பங்கு பற்றிய பிணக்கு எதுவாயினும் அது வீரரின் பயணத்துக்குத் தடையாகிவிடக் கூடாது.

இதனிலும் பாரதூரமான ஆபத்து ஒன்றுண்டு. வெளிநாட்டுக் கழகத்தில் இடம் பெற்றுத் தருவதாகக் கூறிப் பெற்றோரிடம் பணம் கறக்கும் தரகர்கள் வறிய நாடுகள் பலவற்றிலும் உலாவுகின்றனர். நகையை அடகு வைத்து மகனை அனுப்ப நினைக்கும் தாய்மார் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட வீரர்களின் சர்வதேசப் பரிமாற்றத்தை, சில விதிவிலக்குகள் தவிர, பீபா தடை செய்துள்ளது. பிரேசிலின் என்ட்ரிக்கைப் பெறுவதற்கு ரியல் மாட்ரிட் கழகம் 2022 டிசம்பரிலேயே இணக்கம் கண்டபோதிலும், அவர் 18 வயதை எட்டிய 2024 ஜூலை வரை காத்திருக்கவே நேர்ந்தது. உலகின் மிகப் பெரிய கழகத்துக்கே கிடைக்காத விதிவிலக்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விமானச் சீட்டுக் காட்டும் தரகருக்கு எப்படிக் கிடைக்கும்? முகவர் எவராயினும் பீபாவின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதைப் பரிசீலிக்காமல் எதிலும் ஒப்பமிடலாகாது.

இவையெல்லாம் எட்டாத கனவுகள் எனச் சிலர் கூறக்கூடும். மூன்றாந் தரப்புத் தலையீட்டின் காரணமாக 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியதும், அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதி வரை நமது வீரர்கள் சர்வதேச மைதானங்களுக்கு வெளியே நின்றதும் மறக்கக்கூடியவையல்ல. நிர்வாகிகளின் பிணக்குக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்களே. ஆயினும், அடுத்த ஆண்டிலேயே, 2024 செப்டெம்பரில், கம்போடியாவைத் தண்டனை உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றில் இலங்கை நுழைந்தது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளியினர் அண்மைக் காலத்தில் அணிக்குப் பலம் சேர்த்துள்ளனர். ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக், அவ்வாறு நாட்டுக்காக ஆடியவர்களில் ஒருவர். அவர்களை வரவேற்கின்றோம். ஆனால், பேர்லினில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதிவும் பயிற்சியும் மூதூரில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்காதிருப்பது ஏன் என்ற கேள்வியை அந்த வரவேற்பு மறைத்துவிடலாகாது.

யுத்தமும், 2004 டிசம்பர் கடற்கோளும், 2006 ஆகஸ்ட் மூதூர் இடப்பெயர்வும் இம்மாவட்டத்து இளைஞர்களிடமிருந்து பலவற்றைப் பறித்தன. பந்தை மாத்திரம் பறிக்க முடியவில்லை. அந்தப் பற்றுக்கு உரிய மதிப்பளிக்கப் பெருநிதி தேவையில்லை. மாவட்ட லீக்குகள் 12 வயது முதல் ஒவ்வொரு சிறுவனையும் பதிவு செய்யட்டும். பாடசாலைகளும் கழகங்களும் அதற்குத் தோள்கொடுக்கட்டும். தேசிய சம்மேளனம் தமிழிலும் சிங்களத்திலும் இவ்விதிகளை அச்சிட்டு ஊர்க் கழகங்களுக்கு அனுப்பட்டும்.

அடுத்த பரிமாற்றக் காலத்திலும் நமது இளைஞர்கள் மாட்ரிட்டையும் மான்செஸ்டரையும் பற்றி வாதாடத்தான் போகின்றார்கள். வாதாடட்டும். அதற்கிடையில் எழுந்து சென்று, தம் தெருவில் பந்துதைக்கும் சிறுவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது உள்ளதா என்று ஒருமுறை பார்த்து வருவார்களாயின், அந்த விவாதத்துக்கு ஓர் அர்த்தம் பிறக்கும்.