மூலப்படிகள் மாவட்டத்தை விட்டுப் போகலாகாது: பெரம்பலூர், அரியலூர் நூலகங்களின் உள்ளூர் வரலாற்றுத் தொகுப்புகள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பொது நூலகங்களில் சேர்ந்துள்ள உள்ளூர் வரலாற்றுத் தொகுப்புகளை மின்படி எடுத்து முடித்ததும் மூலப்படிகளை மாவட்டத்துக்கு வெளியே ஒரே இடத்துக்கு அனுப்பிவிடலாம், மிகவும் சிதைந்தவற்றைக் கழிவு செய்துவிடலாம் என்ற யோசனை பேசப்பட்டு வருகிறது. இதையொட்டி, இரு மாவட்டங்களின் வாசகர் வட்டத்தினர், ஆசிரியர்கள், கல்வெட்டு ஆர்வலர்கள் ஆகியோரைக் கொண்ட இவ்வமைப்பு தன் நிலைப்பாட்டை வெளியிடுகிறது. மின்படி எடுப்பதை இவ்வமைப்பு கொள்கை அளவில் வரவேற்கிறது. மூலப்படிகள் மாவட்டத்தை விட்டுப் போவதை எதிர்க்கிறது. அவற்றைக் கழிவு செய்வதை, அதாவது பதிவேட்டிலிருந்து நீக்கி எடைக்குப் போடுவதை, எக்காரணம் கொண்டும் ஏற்காது.

உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பு என இவ்வறிக்கை குறிப்பது, ஒரு வட்டாரத்தைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே உருவான அச்சு, கையெழுத்து ஆவணங்களை: குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், தலபுராணச் சிறுநூல்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், தேர்தல் துண்டறிக்கைகள், விவசாயிகள் சங்கச் சுவரொட்டிகள், நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்கள் முதலியவை. லூயிஸ் மூர் 1878இல் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும் ஹெமிங்வே 1907இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் உலகின் பல நூலகங்களில் கிடைக்கும். அவை அழிந்துவிடும் என்ற அச்சம் யாருக்கும் இல்லை. அவை மாவட்டத்தைப் பற்றி அரசு எழுதியவை. மாவட்டம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டவைதான் ஒற்றைப் படியாக, தைத்த நூல் அறுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரு சிறு அச்சகத்தில் அடித்த கோயில் மலரை அதன் விழாக்குழு சென்னைக்கு அஞ்சல் செய்தது என்று நம்புவதற்கு இடமில்லை.

இவ்விரு மாவட்டங்களிலிருந்தும் எடுத்துச் செல்லப்பட்டவை எளிதில் திரும்பி வந்ததில்லை என்பதால்தான் இந்த யோசனையை இவ்வமைப்பு இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறது. இவ்வட்டாரத்தின் புதைபடிவங்களை, அதாவது பாறையாகிப்போன கடல்வாழ் உயிர்களின் எச்சங்களை, கே, கன்லிஃப் என்னும் இருவர் 1840களில் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை அங்கிருந்தபடியே விவரித்து வெளியிட்டார். பின்னர் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறைக்காக இப்பாறைகளை ஆராய்ந்து எழுதியவை கல்கத்தாவிலிருந்து வெளிவந்தன. அரியலூர், ஊட்டத்தூர் என்ற ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிலைத்துவிட்டன. காரையிலும் குளக்காநத்தத்திலும் பிறந்த பிள்ளைகளோ தங்கள் ஊர் மண்ணில் கிடைத்த நத்தைக்கூட்டைக் காணக் கடல் தாண்ட வேண்டிய நிலையில் நெடுங்காலம் இருந்தனர். அறிவியல் வளர்ந்தது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. வளர்ந்த இடம் வேறு.

இதனினும் நெருக்கமான சான்று கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ளது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது, முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அந்தப் பெருங்கோயிலின் திருச்சுற்று மதிலை இடித்து அதன் கருங்கற்களை அணைக்கு எடுத்துச் சென்றனர். இதை உறுப்பினர் அனைவரும் அறிவர். எளிய மக்கள் இதைத் தடுக்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்தனர் என்பதும், அதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டனர் என்பதும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டது என்பதும், அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதும் அந்த அளவுக்குப் பலர் அறியாதவை. இன்று இவை தெரிய வருவதற்குக் காரணம், 1855ஆம் ஆண்டின் ஒரு பழைய உள்ளூர் வெளியீட்டில் எவரோ இதை எழுதி வைத்ததும், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைத் தேடியெடுத்துத் தமது சோழர் வரலாற்றில் எடுத்தாண்டதுமே ஆகும். அணை கட்டியவர்களின் சாதனையை மெச்சும் பக்கங்களுக்குக் குறைவே இல்லை. தடுக்க முயன்று தண்டனை பெற்ற ஊராரின் எதிர்ப்புக்குச் சாட்சியாக எஞ்சியது அந்த ஓர் உள்ளூர் வெளியீடு. அந்த ஊராரின் பெயர்கள் அதிலும் இல்லை. இருபது ஆண்டுக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பிலேயே பெயர்கள் விடுபட்டுப் போயின என்றால், அக்குறிப்பும் அன்றே எடைக்குப் போயிருந்தால் என்ன எஞ்சியிருக்கும் என்பதை யோசனையை முன்வைப்போர் எண்ணிப் பார்க்கட்டும். கல் மதிலை எடுத்துக்கொண்டு செங்கல் மதில் தருவதாகச் சொன்ன அதே பேரம்தான் இன்று மூலப்படியை எடுத்துக்கொண்டு மின்படி தருவதாக முன்வைக்கப்படுகிறது. அன்று கேட்காமல் எடுத்தார்கள். இன்றும் மாவட்ட மக்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மின்படி குறித்து இவ்வமைப்புக்குள் ஒரே கருத்து நிலவவில்லை என்பதால், ஏற்கப்பட்ட வாசகம் மட்டும் இங்கே தரப்படுகிறது: மின்படி என்பது மூலத்தைக் கையாளும் தேவையைக் குறைத்து அதன் ஆயுளை நீட்டுவதற்கான ஒரு வழி, மூலத்தை இழப்பதற்கான அனுமதி அன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆயிரக்கணக்கான அரிய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கும்படி செய்திருப்பது பெரும்பணி, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குடமுழுக்கு மலரை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டுரைகளைக் காட்டிலும் வரலாற்று ஆய்வாளருக்குப் பயன்படுவது கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள நன்கொடையாளர் பட்டியல்: எந்தத் தெரு, எந்தக் கரை, எவ்வளவு தொகை, சிங்கப்பூரிலிருந்து அனுப்பியவர் யார், நெல்லாகத் தந்தவர் யார். யாருடைய பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை, யாரிடம் கோயில் வரியே வாங்கவில்லை என்பதும் அதிலிருந்தே புலப்படும். அவசரமாக எடுக்கப்படும் மின்படிகளில் முதலில் மங்குவது இந்தப் பொடி எழுத்துதான். விளம்பரப் பக்கம் என்று எண்ணி விட்டுவிடப்படுவதும் இந்தப் பக்கங்கள்தான். ஓரத்தில் பென்சிலால் யாரோ திருத்தி எழுதிய தொகையும், பின்னட்டையில் ஒட்டிய ரசீதும் மூலத்தைக் கையில் எடுப்பவருக்கே கிடைக்கும். சரிபார்க்க மூலம் இல்லாத நிலையில், தவறான மின்படியே என்றென்றைக்கும் சான்றாகிவிடும்.

பெரம்பலூருக்கு அருகிலுள்ள செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும், அரியலூரிலும் குன்னத்திலும் பிற ஆசிரியர்களிடமும் உ.வே. சாமிநாதையர் இளமையில் பாடம் கேட்டார் என்ற செய்தி, அவர் தம் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுதியதால் நமக்குக் கிடைத்தது. சிற்றூர் வீடுகளில் சுவடிகளும் அவற்றைப் பாடம் சொல்லும் புலமையும் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. எழுதி வைக்க ஒரு சாமிநாதையர் வாய்க்காத ஊர்களுக்கு அவ்வூர்ச் சிறுநூல்களே துணை. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்த கொடுமை, நாட்டின் நினைவில் அன்றைய ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியின் பதவி விலகலாகச் சுருங்கிவிட்டது; இறந்தவர்களும் மீட்கச் சென்ற சுற்றுவட்ட ஊராரும் அந்த நினைவில் இல்லை. 1964இல் தமிழுக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியின் ஊரும், 1990களில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் இழந்து இழப்பீட்டு வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்த ஜெயங்கொண்டம் பகுதிக் குடும்பங்களும் தங்கள் தரப்பைத் தேட வேண்டிய இடம் உள்ளூர்த் துண்டறிக்கைகளும் செய்திப் பக்கங்களுமே. அந்தப் பழைய தாள்களை ஆண்டுதோறும் கிலோ கணக்கில் ஏலம் விடும் வழக்கத்தை இவ்வமைப்பு வன்மையாகக் கண்டிக்கிறது.

ஒரே இடத்தில் வைத்தால் பாதுகாப்பு மிகும் என்ற வாதத்துக்கு, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படி இல்லாத ஏடுகள் ஒரே இரவில் அழிந்ததைச் சுட்டினால் போதும். கரையான், ஒழுகும் கூரை, ஆள் பற்றாக்குறை ஆகியவை உண்மையான குறைகள். அவற்றுக்குத் தீர்வு பூச்சித்தடுப்பும் கூரைச் செப்பனிடலும் பணி நியமனமும். செலவைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி இவ்விரு மாவட்ட மக்களிடமும் வசூலிக்கப்படுகிறது என்பதை நினைவூட்டுவது இவ்வமைப்பின் கடமை. அந்த வரிப்பணத்தில் பேணப்படும் தொகுப்புகளை, வரி கட்டியவரைக் கேளாமல் வேறிடத்துக்கு அனுப்புவதற்கு எவருக்கும் தார்மிக உரிமை இல்லை.

எஞ்சியிருப்பது, இரு மாவட்டங்களுக்கு இடையிலான பங்கீடு. 1995 வரை திருச்சிராப்பள்ளியின் பகுதியாக இருந்து, பெரம்பலூராகப் பிரிந்து, 2001இல் அரியலூர் தனியாகி, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்த வரலாற்றில், ஒவ்வொரு முறையும் கோப்புகளும் நூல்களும் எங்கு தங்கின என்பது தற்செயலாகவே முடிவாயிற்று. 1995க்கு முன் வாங்கிய நூல்கள் திருச்சி முத்திரையோடுதான் இன்றும் உள்ளன. பிரிவினைக்கு முந்தைய காலத் தொகுப்புகள் பெரம்பலூரில் இருப்பதா, ஊர்வாரியாகப் பிரித்து அரியலூருக்குத் தருவதா என்பதில் செயற்குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரியலூர் உறுப்பினர்களின் மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டுள்ளது. இரு மாவட்ட மைய நூலகங்களிலும் பொதுப் பட்டியல் ஒன்று வைக்கப்பட வேண்டும் என்பதிலும், அப்பட்டியல் முடியும் வரை ஒரு தாளும் இடம் மாறக் கூடாது என்பதிலும் இரு தரப்பும் உடன்படுகின்றன. பட்டியலிடும் பணிக்கு இவ்வமைப்பின் ஆசிரிய உறுப்பினர்கள் ஊதியமின்றி உதவ முன்வந்துள்ளனர். கிளை நூலகங்களின் சேர்க்கைப் பதிவேடுகளை, அதாவது நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் வரிசை எண்ணிட்டுப் பதியும் ஏடுகளை, அவர்கள் பார்வையிட எழுத்துவழி அனுமதி வழங்கப்பட வேண்டும்; கழிவுக்கென ஏற்கனவே கட்டி வைக்கப்பட்ட மூட்டைகள் இருப்பின் அவை அவர்கள் முன்னிலையில் பிரிக்கப்பட வேண்டும்.