இருபத்தைந்து ஜோடிகள்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்கிவருகிறது. இத்தகைய இடங்களில் செய்யும் தொழுநோய்ப் பரிசோதனை எளிமையானது. கண்ணை மூடச் சொல்லி, வெளுத்த தேமலைப் பஞ்சுத் திரியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். விரல் எழவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். அடுத்த கேள்விதான் கடினம்: இவருக்கு ஏன் வந்தது, ஒரே பாயில் படுத்த தம்பிக்கு ஏன் வரவில்லை?

ஊரிடம் பதில் இருந்தது: பரம்பரை. நோய் வந்த குடும்பத்தில் பெண் எடுக்கவும் தயங்கினார்கள், கொடுக்கவும் தயங்கினார்கள். 1873இல் ஹான்சன் என்ற மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்ட பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

1973இல் சக்ரவர்த்தி, வோகல் என்ற ஆய்வாளர்கள் ஆந்திரத்திலும் மேற்கு வங்கத்திலும் 102 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த 62 ஜோடிகளில் 37இல் இருவருக்குமே நோய். தனித்தனிக் கருவாகப் பிறந்த 40 ஜோடிகளில் 8இல் மட்டுமே அப்படி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் மரபுக்குப் பங்கு உண்டு என்று பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆனால் இருவகை இரட்டையரை ஒப்பிடும் இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால் அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அச்சாக இருக்கும் இரட்டையருக்கு ஒரே துணியில் சட்டை தைப்பார்கள், ஒரே தட்டில் ஊட்டுவார்கள். ஆணும் பெண்ணுமாகப் பிறந்தவர்கள் சீக்கிரமே தனித்தனிப் பாய்க்குப் போய்விடுவார்கள். தொற்றுநோயில் இந்தப் பாய் சின்ன விஷயமல்ல. தவிர, இருவருமே நோயாளியான ஜோடி ஆய்வாளர் கண்ணில் சுலபமாகப் படும். படிப்பு, சம்பளம், குடிப்பழக்கம் என்று சமூக ஆய்வில் இதே கணக்கைப் போடுபவர்கள் இந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாக வேண்டும்.

ஒரே கரு பிரிந்து பிறந்தவர்களில் மீதி 25 ஜோடிகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். ஒரே மரபு, ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. அந்த இருவர் வாழ்வில் எது மாறியது?

காரணத்தைப் பிரித்தறிய இன்னொரு வழி குலுக்கல். திருவள்ளூரைச் சுற்றி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968இல் தொடங்கிய பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி ஆய்வில் யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெற்று ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வந்தது. உலகம் திகைத்தது. குலுக்கல் என்பதால் குடும்பத்தையோ வசதியையோ காட்டி அதை ஒதுக்கிவிட முடியவில்லை. மரபையும் வளர்ப்பையும் இப்படிக் குலுக்கிப் பங்கிட வழியில்லை. அதனால்தான் இரட்டையரைத் தேடிப் போகிறோம்.

திருமணத் தயக்கம் ஊரில் மட்டுமல்ல, சட்டத்திலும் இருந்தது: இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணவிலக்குக்கு ஒரு காரணமாக 2019 வரை இருந்தது. அதைக் குணப்படுத்தும் கூட்டுமருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது.