ஆறுதல் சொல்லவும் பயிற்சி வேண்டும்!

2004 டிசம்பர் 26-ல் வேளாங்கண்ணிக் கடற்கரையைச் சுனாமி சூறையாடியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களுக்கு அரிசியும் துணியும் வந்தன, தூக்கம் வரவில்லை. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்கள் ஏது?

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்தது. குறுக்கிடாமல் கேட்பது, அழுகிறவரை அழவிடுவது, நிவாரணம் பெறவும் வேலைக்குத் திரும்பவும் கைகொடுப்பது, நிலை முற்றியவரை மருத்துவரிடம் சேர்ப்பது – இவைதாம் பாடம்.

தோழர்களே! இப்பயிற்சி ஆலைக்கும் வயலுக்கும் ஏன் வரக்கூடாது? சக தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கியதைக் கண்டவர், கடனில் மூழ்கியவர் யாரிடம் மனம் திறப்பார்? நிர்வாகத்தின் ஆளிடமா? பக்கத்து மிஷினில் நிற்பவரிடம். கூட நாற்று நடுபவரிடம்!

ஆகவே, பயிற்சி பெறுவோரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளம் வேண்டும். சொன்ன ரகசியம் நிர்வாகத்தின் காதுக்குப் போகக் கூடாது.

மனநல சிகிச்சை உரிமையென 2017-ம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆனால் ஆறுதல் கூலிக்கு ஈடாகாது. அரைவயிற்றுக் கவலைக்கு மருந்து கூலி உயர்வே. இரண்டையும் சேர்த்தே கேட்போம்!