ஆவாரம்பூ விற்போம், வாக்குறுதி விற்க வேண்டாம்

வேலூர், ஆம்பூர் பகுதி வணிகர்களுக்கு ஆவாரை புதுச் சரக்கு அல்ல. நம் ஊர்த் தோல் தொழிலை முதலில் வளர்த்ததே ஆவாரம்பட்டைதான். குரோம் முறை வருவதற்கு முன் பட்டையை ஊறவைத்த நீரில்தான் தோல் பதமாயிற்று. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1973இல் மத்திய அரசு பாதி பதப்படுத்திய தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபின் குரோம் தோல் பெருகியது. பட்டை வியாபாரம் படுத்தது.

பட்டை போனாலும் பூ நின்றுவிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை இன்றும் வேண்டும். கோடையில் தலைக்குக் குளிர்ச்சி என்று பூவை அரைத்துத் தேய்ப்பார்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி தெரியாத வீடு இல்லை.

வறண்ட நிலத்தில் மழையில்லாத காலத்திலும் இது பச்சையாக நிற்கக் காரணம் உண்டு. ஆடு மாடு இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கோடையில் ஆட்டுக்குத் தீனியாவது கருவேல நெற்று. அந்தக் கருவேலின் பட்டையும் தோலுக்குப் போயிற்று, பற்பொடிக்கும் போயிற்று. பிசின் நாட்டு மருந்துக் கடைக்கு வந்தது. காட்டில் தானே முளைத்ததை நம் முன்னோர் வீணாக்கியதில்லை.

இப்போது மளிகைக் கடைகளிலும் உலர்ந்த ஆவாரம்பூவும் பொடியும் பாக்கெட்டில் விற்கிறது. விற்பதில் தவறில்லை. "சர்க்கரை நோய் தீரும்" என்று போர்டு எழுதி வைப்பதுதான் தவறு. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த அட்டைதானே என்று நினைத்துக் கடையில் தொங்கவிட்டால் நாமும் வம்பில் மாட்டிக்கொள்வோம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குச் சொல்லும் ஆவாரைக் குடிநீரில் பூ மட்டும் இல்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை முதலிய சரக்குகளும் சேரும். அதை ஆள் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பவர் வைத்தியர். நாம் தராசு பிடிப்பவர்கள். நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் ஆபத்து அவருக்கு. மாத்திரையோடு சேர்த்துக் குடித்து, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினாலும் ஆபத்துதான். தெரிந்த வாடிக்கையாளர், தலைமுறையாக வருகிறவர். நாற்பது ஐம்பது ரூபாய்ப் பாக்கெட்டுக்காக அவர் உயிரோடு விளையாடலாமா?

நாம் கவனிக்க வேண்டியது சரக்கின் தரம். பூ நிழலில் உலர்ந்து மஞ்சள் மாறாமல் இருக்க வேண்டும். கறுத்ததும், பூஞ்சை வாடை அடிப்பதும் வேண்டாம். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழுப் பூவாக வாங்குவதே நல்லது. தார்ச்சாலை ஓரத்திலும், தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்திலும் பறித்த பூவை வாங்காதீர்கள். எங்கே பறித்தது என்று கொண்டுவருகிறவரைக் கேளுங்கள். வெயிலில் நின்று பறிக்கும் அந்தப் பெண்களுக்கு நியாயமான விலையும் கொடுங்கள். விலை கட்டினால்தான் நல்ல பூ வரும்.

பாக்கெட்டில் பெயர், எடை, தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கட்டும். நோயின் பெயர் வேண்டாம். யாராவது "இது சர்க்கரைக்குக் கேட்குமா?" என்றால், "வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை போகலாம். கடையின் நாணயம் நிற்கும்.