பத்தாம் வகுப்புக்கு மேடை இல்லையா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆண்டு விழா நெருங்கும் நாள்களில் மாடியிலுள்ள எங்கள் வகுப்பறைக்கு நேர் கீழே, மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். பாட்டும் சலங்கை ஒலியும் படியேறி மேலே வரும். நாங்கள் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைத் தேடிக்கொண்டிருப்போம். “கதவைச் சாத்துங்கள்” என்பார் டீச்சர். கதவைச் சாத்தினாலும் சன்னல் இருக்கிறதே!

ஆறாம் வகுப்பில் பட்டாம்பூச்சியாக ஆடினோம். ஏழில் கும்மி அடித்தோம். எட்டில் கோலாட்டம், ஒன்பதில் நாடகம். பத்தாம் வகுப்பில் நாற்காலி எடுத்துப் போட்டோம். சென்ற ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே முடிவு சொல்லப்பட்டுவிட்டது: பத்தாம் வகுப்பு மாணவியர் ஆண்டு விழாவிலும் விளையாட்டு விழாவிலும் பங்குபெற வேண்டாம், பாடத்தில் கருத்தைச் செலுத்தட்டும் என்று. பெற்றோர் கைதட்டினார்கள். எங்கள் அம்மாக்களும் தட்டியதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

அந்த முடிவை எடுத்தவர்கள் எங்கள் நன்மையை நாடியே எடுத்தார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண். எங்களுள் சிலருடைய தந்தையர் லாரி ஓட்டுகிறார்கள். சிலருடைய அன்னையர் இரவு பதினொரு மணி வரை தையல் மெஷினை மிதிக்கிறார்கள். “நீ ஆடிக்காட்டியா மார்க் வாங்கப் போகிறாய்?” என்று அவர்கள் கேட்டால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நாடக ஒத்திகை என்று சொல்லி மூன்று வாரம் தினமும் இரண்டு பாடவேளை வகுப்பைவிட்டுப் போனோம். அதில் பாதி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாங்காயும் உப்பு மிளகாய்ப்பொடியும் தின்றோம். அந்த முறை அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் உண்மை. இதைச் சிஸ்டர் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறோம்.

அப்படியானால் தடை சரிதானே என்று கேட்கலாம். நாங்களும் செப்டம்பர் வரை ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தோம். எங்களுள் சிலருக்கு, “அப்பாடா, இனி மேடை ஏற வேண்டியதில்லை” என்று நிம்மதிகூட இருந்தது. எங்கள் எண்ணத்தை மாற்றியது ஆசிரியர் தினம்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5-ஐ நம் நாடு 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. நம் பள்ளியில் அன்று காலை பத்தாம் வகுப்பினரே சேலையுடுத்திக் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவது வழக்கம். நல்ல காலமாக, இந்த ஒரு நிகழ்ச்சியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஐந்து ஆண்டுகளாகக் கடைசி பெஞ்சு. காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் முறை வந்தால் அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆண்டு விழாவில் ஒரு முறையும் அவளைத் தேர்ந்தெடுத்ததில்லை; அவளும் கேட்டதில்லை. அன்று சீட்டுக் குலுக்கியதில் ஆறாம் வகுப்புக் கணக்கு அவள் பெயருக்கு விழுந்தது. சித்தியின் சேலையைப் பதினொரு ஊசி குத்திக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே போனாள். பின்னங்களைக் கூட்டும் பாடம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டும். ஒரு சிறுமி எழுந்து, “அக்கா, மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்தில் இரண்டு என்று எழுதினால் ஏன் தப்பு?” என்று கேட்டாளாம்.

பொது மடங்கு எடுக்க வேண்டும் என்ற விதி இவளுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. எங்களுள் எவருக்குமே தெரியாது என்பதைப் பிற்பாடு கண்டுகொண்டோம். சிறிது நேரம் விழித்தவள், தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு தோசையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். “இது பாதித் தோசை. இதோடு இன்னொரு தோசையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்கிறேன். கூடுமா, குறையுமா?” “கூடும்!” என்றது வகுப்பு. “ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படி இருந்ததைவிடக் குறையும்?” அவள் குரல் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று எட்டிப் பார்த்தோம்.

அதன்பின் வந்த காலாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் முதலாவதாக வந்தாள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை. ஆனால் இப்போது புரியாததைக் கையை உயர்த்திக் கேட்கிறாள். அவள் கேட்பதால் எங்களுக்கும் புரிகிறது. அவளுடைய சிறப்பு வகுப்புகளில் ஒன்றுகூட அதனால் குறையவில்லை. செலவானது ஒரே ஒரு காலைப்பொழுதுதான்.

முன்னாள் மாணவியர் நாளன்று வந்த அக்கா ஒருவர் சொன்னதும் இதனோடு சேர்ந்துகொண்டது. அவர் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. 2020-21-இல், நோய்த்தொற்றுக் காலத்தில், பத்தாம் வகுப்புப் படித்தவர். பாடமெல்லாம் செல்பேசியில். 2021 ஜனவரி 19-இல்தான் பள்ளி திறந்தது. மறு மாதமே தேர்வில்லாமல் அனைவரும் தேர்ச்சி என அரசு அறிவித்தது. “எங்களைப் பார்த்து எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். தேர்வு போனதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் விழா, விளையாட்டு, வழியனுப்பு எதுவுமே இல்லாமல் அந்த வருடம் போயிற்று. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் என் பெயரைச் சொல்ல எழுந்தேன். வாய் வரவில்லை” என்றார்.

கல்லூரியில் அவர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தார். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் வேலை. முதல் வீட்டு வாசலில் ஒரு பாட்டியிடம் என்ன கேட்பதென்று தெரியாமல், “தண்ணீர் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினாராம். ஏழாம் நாள் நிறைவு விழாவில் ஊர்ப் பெரியவர்கள் முன் முகாமின் அறிக்கையை வாசித்தவர் அவரேதான். “இந்த ஏழு நாள் எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே கிடைத்திருக்கலாம்” என்று சொல்லி அக்கா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்து வெகுகாலமாகிறது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-இலும், சென்னை இராணி மேரி கல்லூரி 1914-இலும், திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இலும் தோன்றியவை. இடம் கிடைக்குமா என்று நம் கொள்ளுப்பாட்டிமார் பட்ட கவலை நமக்கு இல்லை. கிடைத்த இடத்தில் கடைசி பெஞ்சைத் தேடாமல் இருப்போமா என்பதுதான் எங்கள் கவலை. ஐந்நூறுக்கு எவ்வளவு வாங்கினாலும் அதற்கு விடை கிடைக்காது.

பொதுத்தேர்வு வகுப்பென்றால் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியுமில்லை. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் நடந்த கலைத் திருவிழாவில் 9, 10 வகுப்புகளுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அவர்களும் நாம் எழுதும் அதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

தடையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது வேறொன்றும் உறுத்தியது. தடை இல்லாத ஆண்டுகளில் மட்டும் எல்லோருமா மேடை ஏறினோம்? சிவந்த நிறம், நீண்ட கூந்தல், நல்ல குரல் உடைய அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஆறாம் வகுப்பு முதல் ஏறினார்கள். இதை எழுதும் நாங்களும் அவர்களுள் சிலர்தான். சீட்டுக் குலுக்கியிராவிட்டால் அந்தத் தோசை வெறும் மதிய உணவாகவே போயிருக்கும்.

நாங்கள் மூன்று வார ஒத்திகையைத் திரும்பக் கேட்கவில்லை, வேப்பமரத்தடியை மறந்துவிட்டோம். வாரத்திற்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றையாவது கணக்கும் ஆங்கிலமும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். விளையாட்டு விழாவில் ஆளுக்கு ஓர் ஓட்டமோ ஒரு தாண்டலோ அனுமதிக்கலாம். ஆண்டு விழாவில் வரவேற்புரை, அறிவிப்பு, நன்றியுரை, திரை இழுப்பது, கீழ் வகுப்புச் சிறுமியருக்கு ஒப்பனை செய்வது ஆகியவற்றுக்கு ஒத்திகை அதிகம் வேண்டாம்; அவற்றைப் பத்தாம் வகுப்புக்கு விடலாம். யார் எதைச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம். அறிவிப்பில் இரண்டு சொல் உளறினால் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். உளறுவது அவர்கள் பெண்தானே. அரையாண்டுத் தேர்வில் எவளுக்காவது மதிப்பெண் குறைந்தால் அவளை மட்டும் நிறுத்தி வைக்கட்டும். நாங்கள் வாதாட மாட்டோம்.

இந்த மலர் கைக்குக் கிடைக்கும்போது நாங்கள் பொதுத்தேர்வை எழுதி முடித்திருப்போம். எங்களுக்கு இனி அந்த மண்டபத்தில் வேலையில்லை. ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்காகத்தான் கேட்கிறோம். வரும் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச மதர் அவர்கள் அனுமதித்தால், தோசையைக் கிழித்துக் கணக்குச் சொன்னவளையே அனுப்பி வைக்கிறோம். கேட்டுப் பார்த்தோம், சம்மதித்துவிட்டாள். சேலை மட்டும் கட்ட மாட்டாளாம்.